கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள் – 9: கொசுத்தேனும் அரிய சர்க்கரையும்

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். ஏலப்பூ காயாக வேண்டுமானால் தேனீ வந்தாக வேண்டும். அங்கே பெரும்பங்கு மலைத்தேனீக்கும் அடுக்குத்தேனீக்கும்தான். கூடவே, மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீயும் பூவுக்கு வந்துபோகும். அதன் தேன் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், புளிப்பு கலந்திருக்கும், விலையும் கூடுதல்.

இந்தக் கொட்டாத தேனீக்களின் தேனை 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆஸ்திரேலியா, மலேசியா உள்ளிட்ட நாடுகளின் தேன் வகைகள் அவை. நூறு கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை ட்ரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை இருந்தது. பிறகு இந்தத் தேனீக்களுக்கு வெறும் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தபோது, அதையும் அவை ட்ரெஹலுலோஸாக மாற்றிவிட்டன. அதாவது, இது பூவில் இருந்து வந்ததல்ல, தேனீ செய்தது.

நாம் காபியில் போடும் சர்க்கரை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இணைந்த சுக்ரோஸ். ட்ரெஹலுலோஸிலும் அதே ஜோடிதான். மாடுகள் அவையே, நுகத்தில் பூட்டிய விதம்தான் வேறு. இந்தப் பிணைப்பைக் குடல் மெதுவாகத்தான் பிரிக்கும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவுக்கும் இது எளிதில் தீனியாகாது.

தேனீயின் இந்த வித்தை சில பாக்டீரியாக்களுக்கும் தெரியும். சுக்ரோஸை மாற்றிப் பூட்டி ஐசோமால்டுலோஸ் என்ற உறவுச் சர்க்கரையைத் தரும் பாக்டீரியாவை ஜெர்மானியர்கள் 1957-லேயே அறிவித்தார்கள். இன்று அந்தச் சர்க்கரை விளையாட்டு வீரர்களின் பானங்களில் சேர்கிறது. ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி, ஃப்ரக்டோஸை ஆலுலோஸ் என்ற இன்னொரு அரிய சர்க்கரையாக மாற்றும் நொதியை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் கண்டார். ஆலுலோஸின் இனிப்பு, நம் சர்க்கரையின் இனிப்பில் 70 சதவீதம். கலோரியோ பத்தில் ஒரு பங்குதான்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. மொகாலியில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தார் வெந்நீர் ஊற்று நுண்ணுயிரிகளின் மரபணுக்களில் தேடி, ஒரு நொதிக்கான மரபணுவை எடுத்து, இ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்த நொதி சுக்ரோஸை ட்ரெஹலுலோஸாக மாற்றுவதை 2021-இல் வெளியிட்டார்கள். வெந்நீரில் பிறந்த நொதி என்பதால் சூட்டைத் தாங்கும்.

சிக்கல் மாற்றுவதில் மட்டும் இல்லை. ஆலுலோஸ் நொதி, ஃப்ரக்டோஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூட மாற்றாமல் நின்றுவிடும்; அதற்குமேல் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவும் திரும்பி வரும். கலவையிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதில்தான் செலவு ஏறுகிறது. இந்தச் சர்க்கரைகள் இன்னும் விலை உயர்ந்திருக்க இதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை: ட்ரெஹலுலோஸும் முடிவில் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும்தான் உடையும். மெதுவாக ஏறும் என்பதற்கு ஏறாது என்று அர்த்தமில்லை. நீரிழிவு உள்ளவர்கள் கொசுத்தேனை மருந்தென்று நம்பிக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட வேண்டாம்.

போடிமெட்டுக்கு அப்பால் மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கம் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் கைகோத்து, இந்த மலைக் கொசுத்தேனில் ட்ரெஹலுலோஸ் எவ்வளவு என்று அளந்து, தேனெடுப்பவர் கையில் ஒரு சான்றிதழ் கொடுக்கட்டும். விலையை அவரே பேசிக்கொள்வார்.