பூஞ்சைக்கு ஓர் எண்

உலகெங்கும் மருத்துவமனைகள் நோய்களுக்கு எண் இடப் பயன்படுத்தும் ஐசிடி பட்டியலில் மதுரைக்கு ஓர் இடம் உண்டு. ‘மதுரா கால்’ என்ற நோய் அதன் 10ஆம் பதிப்பில் பி47 என்ற எண்ணின் கீழ் இருக்கிறது. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இதை விவரித்தார். 1860 வாக்கில் ஹென்றி கார்ட்டர் இது பூஞ்சையால் வருவது என்று கண்டு, மைசெட்டோமா என்று பெயரிட்டார். வெறுங்காலோடு வயலில் உழைப்பவருக்கு முள் குத்திய இடத்தில் தொடங்கும். கால் வீங்கி, புரையோடி, சீழோடு சிறு மணிகள் வெளிவரும்.

பூஞ்சையால் வந்தது என்றால் எண் பி47.0. அதே தோற்றத்தை ஒருவகை பாக்டீரியாவும் உண்டாக்கும், அதற்கு பி47.1. முன்னதற்குப் பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் வேண்டும், பலருக்கு அறுவையும் தேவைப்படும். பின்னது பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கும். மருத்துவர் ‘மதுரா கால்’ என்று மட்டும் எழுதினால் கிடைப்பது பி47.9, அதாவது வகை குறிப்பிடப்படாதது. சிகிச்சையையே பிரிக்கும் வேறுபாடு புள்ளிக்குப் பின்னால் உள்ள ஓர் இலக்கத்தில் இருக்கிறது!

1990இல் ஏற்கப்பட்ட ஐசிடியின் 10ஆம் பதிப்பில் பூஞ்சை நோய்கள் பி35 முதல் பி49 வரை வருகின்றன. படர்தாமரையில் தொடங்கி, கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்று உயிர்பறிக்கும் பூஞ்சைகள் வரை போகிறது வரிசை. 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது எண் இடும் வேலை, செய்யும் சென்னை, கோவை இளைஞர்கள் தினமும் புழங்குவது 10ஆம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தைத்தான்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா வந்தவர்களைக் கருப்புப் பூஞ்சை தாக்கியது. நோயாளிகளின் விவரத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று அரசுகள் ஆணையிட்டன. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோய்க்கு எண் பி46. நுரையீரலில் என்றால் பி46.0, மூக்கிலிருந்து கண், மூளை நோக்கிப் பரவினால் பி46.1. இடம் எழுதப்படாவிட்டால் பி46.5. ஆனால் கோப்பில் பி46 வரிசை எண் மட்டும் இருந்தால், பூஞ்சை எங்கே பரவியது என்று தெரியலாமே தவிர, ஏன் பரவியது என்று தெரியாது. பக்கத்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்கான இ11, கொரோனாவுக்கான யு07.1, ஸ்டீராய்டின் பக்கவிளைவைச் சொல்லும் டி38.0எக்ஸ்5 ஆகியவையும் இருந்தால்தான் முழுக்கதையும் புரியும். சர்க்கரை கட்டுக்கடங்காத உடலில், ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணித்த நேரத்தில் பூஞ்சை புகுந்தது என்பதே அந்தக் கதை. இந்த எண்களைச் சேர்த்து எழுதுவதை வெறும் பில் வேலையாகப் பார்ப்பது பெரிய தவறு என்பேன்.

சிக்கலான இடம் இனிமேல்தான். உடலுக்குள் ஊடுருவிய பூஞ்சையை உறுதிசெய்யப் பெரும்பாலும் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோயால் தட்டணுக்கள் குறைந்தவருக்கு ஊசி போட்டுத் திசு எடுப்பதே ஆபத்து. அதனால் நிபுணர்கள் உறுதியானது, பெரும்பாலும் இருக்கக்கூடியது, இருக்க வாய்ப்புள்ளது என மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். எண்ணில் இந்தப் படிகள் இல்லை. அமெரிக்க விதிப்படி, உள்நோயாளி வீடு திரும்பும்போது ‘ஆஸ்பெர்ஜில்லஸ் இருக்கக்கூடும்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால், நோய் இருப்பதாகவே எண் இடப்படும். புறநோயாளிக்கு அதே சொற்களை எழுதினால் அந்த எண் கிடையாது; இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிக்கே எண். ஒரே சந்தேகம் ஓரிடத்தில் நோயாகிறது, இன்னோரிடத்தில் காணாமல் போகிறது.

இறப்பிலும் இப்படித்தான். அடிப்படைக் காரணம் ஒன்றையே எண்ணும் புள்ளிவிவரத்தில், பூஞ்சை கொன்ற புற்றுநோயாளி புற்றுநோய்க் கணக்கில் சேர்வார். உலக சுகாதார நிறுவனம் 2022இல் முன்னுரிமை தரவேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டபோது, தரவுப் பற்றாக்குறையைப் பெரிய தடையாகச் சொன்னது.

அதே அமெரிக்க விதிகளின்படி, ஆய்வக அறிக்கையில் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தாலும், உள்நோயாளிக் கோப்பில் கோடர் அதை மட்டும் வைத்து எண் இடக் கூடாது. சிகிச்சையளிக்கும் மருத்துவர் நோயின் பெயரை எழுத வேண்டும். எழுதவில்லையென்றால், எந்தப் பூஞ்சை, எந்த உறுப்பு, மருந்துக்கு அடங்குகிறதா என்று கோடர் அவரிடம் கேட்டு அனுப்புகிறார். அடங்கவில்லை என்றால் அதற்கும் அமெரிக்க வடிவத்தில் தனி எண் உண்டு: இசட்16.32.