மீரா: ஒரு பெயர், பல வேர்கள்

ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்து அறிவதற்காகப் பெயர் இடுகிறோம். ஆயினும் ஒரே பெயர் பல நாடுகளில், பல மொழிகளில், பல சமயத்தாரிடையே வழங்குவதும் உண்டு. ஒலியில் ஒன்றாக இருக்கும் அப்பெயர்கள் பொருளிலும் பிறப்பிலும் வேறுபடலாம். ‘மீரா’ என்னும் பெயர் அதற்குத் தக்க சான்றாகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில் அமைந்த ஊர் வெள்ளறடை. அதனை அடுத்துக் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்று தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே அன்றிப் பெயர்களைப் பிரிக்கவில்லை. மீரா என்னும் பெயரை இன்றும் இருபுறத்தும் கேட்கலாம். இப்பகுதியில் பயிலும் தமிழ்க் குழந்தையின் பெயர் வீட்டில் தமிழிலும், ஊரில் மலையாளத்திலும், பள்ளிப் பதிவேட்டில் ஆங்கிலத்திலும் எழுதப்படுகிறது. மூன்று எழுத்திலும் எழுதப்படும் அப்பெயரின் வேர்களை இப்பாடம் விளக்குகிறது.

அமைதியும் உலகமும்

உருசியம், போலியம், செக், செர்பியம், குரோவாசியம், பல்கேரியம் முதலியன ஸ்லாவிய மொழிகள் எனப்படும். இம்மொழிகள் பேசும் மக்களிடையே மீரா என்பது பெண்பாற் பெயராக வழங்குகிறது. ‘மிரோஸ்லாவா’ போன்ற நீண்ட பெயர்களின் சுருக்கமாகவும் அது அமையும். ‘மீர்’ என்பது அமைதி. ‘ஸ்லாவா’ என்பது புகழ். இந்த ‘ஸ்லாவா’ என்னும் சொல்லும், புகழைக் குறிக்கும் ‘சிரவஸ்’ என்னும் வடசொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது மொழிநூலார் கண்ட உண்மை.

உருசிய மொழியில் ‘மீர்’ என்னும் ஒலிக்கு அமைதி, உலகம் என இருபொருள் உண்டு. 1918ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் இவ்விரு சொற்களும் வெவ்வேறு எழுத்தால் எழுதப்பட்டன. சீர்திருத்தத்திற்குப் பின் எழுத்திலும் ஒன்றாயின. 1986இல் விண்ணில் ஏவப்பட்டு 2001இல் பணி முடிந்த விண்வெளி நிலையத்திற்கு ‘மீர்’ என்றே பெயர். மாஸ்கோவில் இயங்கிய மீர் பதிப்பகம் அறிவியல் நூல்களைத் தமிழிலும் அச்சிட்டு அனுப்பியது. அந்நூல்களைத் தமிழ்நாட்டுப் பழைய நூலகங்களில் காணலாம்.

செர்பியக் கவிஞர் மீரா அலெச்கோவிச், சாகிரேப் நகரில் பிறந்த குரோவாசிய நடிகை மீரா ஃபுர்லான் ஆகியோர் இப்பெயர் தாங்கியவருள் சிலர்.

பாடிய அரசி

இந்தியாவில் மீரா என்றவுடன் பலர் நினைவுக்கு வருபவர் மீராபாய். அவர் இராசஸ்தானத்து மேர்த்தா அரச குடும்பத்தில் பிறந்து, மேவார் அரச குடும்பத்தில் மணம் புரிந்தவர். கண்ணன்மீது பத்திப் பாடல்கள் பாடியவர். அவர் பெயரின் பொருள் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடலைக் குறிக்கும் வடசொல்லோடு அதனை இணைப்பார் உளர். பாரசீகச் சொல்லோடு இணைப்பாரும் உளர். பொருள் எதுவாயினும், பெயருக்குப் பெருமை தந்தது அவருடைய வாழ்வே. இன்று ஒரு பெண் குழந்தைக்கு மீரா எனப் பெயரிடும் பெற்றோருள் பலர் அகராதியைப் பார்ப்பதில்லை, மீராபாயை நினைக்கின்றனர்.

தமிழ்நாட்டில் அப்பெயரைப் பரப்பியதில் திரைப்படத்திற்கும் பங்குண்டு. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ 1945இல் தமிழிலும், 1947இல் இந்தியிலும் வெளிவந்தது.

இங்கிலாந்தில் 1892இல் பிறந்த மேடலின் ஸ்லேடு, கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். அவர் 1925 நவம்பரில் சபர்மதி ஆசிரமத்திற்கு வந்தார். காந்தியடிகள் அவருக்கு மீராபென் எனப் பெயரிட்டார். ‘பென்’ என்பது குசராத்தி மொழியில் உடன்பிறந்தாளைக் குறிக்கும். பிறக்கும்போது பெற்றோர் இடும் பெயர் ஒருவகை. வளர்ந்தபின் ஒருவர் மனமுவந்து ஏற்கும் பெயர் மற்றொரு வகை. மீராபென் இரண்டாம் வகையினர்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையின் இயற்பெயர் மிர்ரா அல்பாசா. அவர் 1878இல் பாரிசு நகரில் பிறந்தவர். அவர் பெயர் மீராபாயின் பெயரைப் போன்று ஒலிப்பினும் இந்தியாவில் இடப்பட்டதன்று. பாரிசில் பெற்றோர் இட்ட பெயர். 1968இல் ஆரோவில் நகரம் அவரால் தொடங்கப்பட்டது.

தலைவர் என்னும் பொருள்

‘அமீர்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தலைவர், ஆணையிடுபவர் என்பது பொருள். அது பாரசீகத்தில் ‘மீர்’ எனக் குறுகியது. தமிழ் இசுலாமியரிடையே வழங்கும் மீரான், மீரா சாகிபு போன்ற ஆண்பாற் பெயர்கள் இவ்வழியில் வந்தவை. எனவே மீரா என்று கேட்டவுடன் அது பெண்ணின் பெயர் என முடிவு செய்தல் கூடாது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி. பத்தனம்திட்டாவில் பிறந்த அவர் 1989இல் அப்பதவியை ஏற்றார்; 1997இல் தமிழ்நாட்டின் ஆளுநரானார். அவருடைய தந்தையின் பெயர் மீரா சாகிபு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்த எழுத்தாளர் தோப்பில் முகமது மீரான், பள்ளியில் மலையாளம் பயின்று, தமிழில் நாவல்கள் படைத்தவர். ‘சாய்வு நாற்காலி’ என்னும் நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மலையாளம் பயின்றவர் தமிழை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

எழுத்தால் அமைந்த பெயர்

சிவகங்கையைச் சேர்ந்த கவிஞர் மீரா ஓர் ஆடவர். அவருடைய இயற்பெயர் மீ. இராசேந்திரன். தலைப்பெழுத்தாகிய ‘மீ’யையும், ‘ராசேந்திரன்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘ரா’வையும் இணைத்து மீரா என எழுதினார். அன்னம் பதிப்பகத்தை நிறுவிப் பல எழுத்தாளர்களின் நூல்களை வெளியிட்டார். இப்பெயருக்கு வடமொழியிலோ பாரசீகத்திலோ வேர் தேட வேண்டியதில்லை. அதன் வேர் அவருடைய பெயரிலேயே உள்ளது.

விண்ணிலும் ஒரு மீரா உண்டு. 1596இல் டேவிட் ஃபேப்ரீசியஸ் என்பவர் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் ஒரு விண்மீனைக் கண்டார். ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து, பின் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவாறு மங்குகிறது. எவேலியஸ் என்னும் வானியலார் 1662இல் அதற்கு மீரா எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அதன் பொருள் ‘வியப்புக்குரியது’.

ஒரு சொல்லா, பல சொற்களா?

தமிழில் ‘ஆறு’ என்பது நதியையும் குறிக்கும், எண்ணையும் குறிக்கும். ‘கல்’ என்பது பாறைத் துண்டையும் குறிக்கும். ‘படி’ என்னும் ஏவலையும் உணர்த்தும். இவ்வாறு பல பொருள் உணர்த்தும் சொற்களைத் தொகுத்துப் பொருள் கூறுவது நம் நிகண்டு நூல்களின் மரபு. மீராவும் இத்தகையதே. ஸ்லாவிய மீரா, இராசஸ்தானத்து மீரா, பாரசீக வழிவந்த மீரா, இலத்தீன் மீரா, எழுத்துகள் கூடிய மீரா என அனைத்தும் ஒரே ஒலியில் சந்திக்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குப் பொருள் கூறினால் பிழை நேரும். ஒரு பெயரின் பொருளை அறிய விரும்புவோர், அப்பெயரை இட்டவர் யார், எம்மொழியினர், எதனை நினைந்து இட்டனர் என்று முதலில் வினவுதல் வேண்டும்.

மீராவும் மீரவும்

மலையாளத்தில் இப்பெயர் ஈற்றில் குறிலாக, ‘மீர’ என எழுதப்படுகிறது. ‘ஆராச்சார்’ நாவலுக்காக 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கே.ஆர். மீரா தம் மொழியில் ‘மீர’ என்றே எழுதுகிறார். லதா, சீதா, ராதா என்பனவும் அங்கு லத, சீத, ராத என வரும். தமிழிலோ வடமொழிப் பெயர்களின் ஈற்று ஆகாரம் ஐகாரமாவது பழைய மரபு. சீதை, ராதை என்பன அவ்வாறு அமைந்தவை. மீரா போன்று பின்னர் வந்த பெயர்கள் ஆகார ஈற்றோடே நிலைத்தன.

ஆகவே வகுப்பில் ‘மீர’ என்றும், வீட்டில் ‘மீரா’ என்றும் ஒரு மாணவி அழைக்கப்பட்டால் எவரும் பிழை செய்யவில்லை. இரண்டும் அவ்வம்மொழியின் முறை. தன் பெயர் சிதைக்கப்பட்டது என்று அவள் வருந்த வேண்டியதில்லை. தமிழில் எழுதும்போது ‘மீரா’ என நெடிலோடு எழுத அறிந்திருந்தால் போதும்.

ஆனால் சான்றிதழில் இந்த நெகிழ்ச்சி இல்லை. மீரா என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை ‘ஐ’ கொண்டும் எழுதலாம். இரட்டை ‘ஈ’ கொண்டும் எழுதலாம். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னே வரும். கேரளத்தில் பலர் அதனைப் பின்னே எழுதுவர். ‘ச. மீரா’ என்பவளும் ‘மீரா எஸ்.’ என்பவளும் ஒருத்தியே என்பது ஊரார்க்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளிப் பதிவேடு ஆகியவற்றில் பெயர் ஒரே வகையில் அமையாவிடில், எல்லை கடந்து மேற்படிப்புக்குச் செல்லும்போது இடர் நேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சான பெயரைப் பின்னர்த் திருத்துவது எளிதன்று. தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே மாணவரும் பெற்றோரும் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

தமிழில் பெயர் எழுதுகையில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. பிற மாநிலத்தில் வாழும் தமிழ் மாணவரும் தம் தமிழ்ப் பயிற்சி ஏட்டில் இம்முறையைப் பின்பற்றலாம். அதற்குச் செலவில்லை, எவர் இசைவும் வேண்டியதில்லை.

அருஞ்சொற்பொருள்

நிகண்டு – செய்யுள் வடிவில் அமைந்த பழைய அகராதி
தலைப்பெழுத்து – பெயரோடு சேர்க்கும் தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்து
ஈறு – சொல்லின் இறுதி
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. ‘மீர்’ என்னும் உருசியச் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
2. கவிஞர் மீராவின் பெயர் எவ்வாறு அமைந்தது?
3. சீதா, ராதா என்னும் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் பெறும் வடிவங்களை எழுதுக.
4. ‘ஆறு’, ‘கல்’ போன்று ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரும் சொற்கள் ஐந்தனை எழுதி, ஒவ்வொரு பொருளிலும் ஒரு தொடர் அமைக்க.
5. உன் பெயரை இட்டவர் யார், எதனை நினைந்து இட்டார் என வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. தலைப்பில் உன் பெயரைத் தமிழ்த் தலைப்பெழுத்தோடு எழுதுக.