முதுகில் ஏறிய ஸ்டெப்னி
ஆபத்துக்கு உதவும் சக்கரம் ஆபத்தாக மாறலாமா?

தென்னேரி ஏரிக்கரை ஓரமாக ஒரு ஜீப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த நேரம். பாதை எல்லாம் சேறு. திடீரென்று "புஸ்" என்று ஒரு சத்தம். சீமைக் கருவேல முள் டயரில் ஏறிவிட்டது!

பஞ்சர் ஒட்ட வேண்டும் என்றால் வாலாஜாபாத் போக வேண்டும். அல்லது சுங்குவார்சத்திரம் போக வேண்டும். காற்று இல்லாத சக்கரத்தோடு எப்படிப் போவது?

"ஸ்டெப்னி இருக்கிறதே, மாட்டிவிட்டால் போகிறது" என்று நீங்கள் சொல்லலாம்.

உண்மைதான். ஆனால், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? வண்டிக்கு அடியில்! வண்டியோ சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியை எப்படி வெளியே எடுப்பது?

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான், காட்டுப் பாதையிலும் வயல் பாதையிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் ஸ்டெப்னியை வண்டியின் முதுகில் ஏற்றுகிறார்கள்.

சில வண்டிகளில் கம்பெனியே அப்படி வைத்துக் கொடுக்கிறது. மற்ற வண்டிக்காரர்கள் பட்டறையில் சொல்லி ஒரு தாங்கி செய்துகொள்கிறார்கள்.

நன்றாகச் செய்தால் அது நல்ல துணை. அரைகுறையாகச் செய்தால், பின்னால் சைக்கிளில் வருகிறவர் தலையில் விழும் இடி!

ஸ்டெப்னி - பெயர் வந்த கதை

ஆரம்ப காலத்து மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் வெடித்தால் நடு ரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான்.

பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே லனெல்லி என்பது ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

காற்று அடித்த டயரை ஒரு வளையத்தில் மாட்டினார்கள். டயர் பழுதானால், அந்த வளையத்தைப் பழைய சக்கரத்தின் பக்கத்திலேயே இறுக்கிப் பூட்டிவிடலாம். வண்டி ஓடும்.

அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தப் பெயரையே சக்கரத்துக்கும் வைத்தார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். நம் நாட்டு டிரைவர்களோ இன்னும் "ஸ்டெப்னி" என்றுதான் சொல்கிறார்கள்!

ஜீப்பின் முதுகில்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜீப் பிறந்தது. அந்த ராணுவ ஜீப்பின் பின்புறத்தில் ஒரு பக்கம் ஸ்டெப்னி. மறு பக்கம் பெட்ரோல் டின்.

யுத்தம் முடிந்தது. 1945-ல் விவசாயிகளுக்காக ஒரு ஜீப் வந்தது. மூட்டை ஏற்றுவதற்காக அதன் பின்புறத்தில் திறந்து மூடும் பலகை வைத்தார்கள். பலகை வந்ததும் ஸ்டெப்னிக்கு இடம் போயிற்று. அதைப் பக்கவாட்டில் மாட்டினார்கள்.

கதவு வேண்டுமா, சக்கரம் வேண்டுமா? இந்தச் சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

லண்டனிலும் டெட்ராய்ட்டிலும் மட்டும் நடந்த கதை அல்ல இது. தென்னேரிக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள மறைமலைநகரிலும் நடந்தது. அங்கே இருந்த போர்டு தொழிற்சாலையில் 2013 முதல் "ஈக்கோஸ்போர்ட்" என்ற கார் தயாராயிற்று. அதன் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கியது.

சக்கரத்தைச் சுமந்துகொண்டு கதவை மேலே தூக்க முடியுமா? ஆகவே வீட்டுக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கும்படி அதைச் செய்தார்கள். அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. ஆனாலும் அந்த மாதிரிக் கார்களை ரோட்டில் இன்றும் பார்க்கலாம்.

குடமும் இடுப்பும்

கம்பெனிக் கதவு சக்கரத்தைத் தாங்குகிறது. எல்லாக் கதவும் தாங்குமா?

தாங்காது!

ஒரு சாதாரண ஜீப் சக்கரம், டயரோடு சேர்ந்து, சுமார் 30 கிலோ இருக்கும். "30 கிலோதானே! ஓர் அரிசி மூட்டை அளவு" என்று நினைக்கலாம். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

தண்ணீர்க் குடத்தை நம் பெண்கள் எப்படித் தூக்குகிறார்கள்? இடுப்பில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். குடம் அதே குடம்தான். தூரம்தான் வேறு.

கதவில் தொங்கும் சக்கரமும் நீட்டிய கையில் உள்ள குடம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதி கீலில் இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 30 சென்டிமீட்டர். இப்போது மேல் கீலை வெளியே இழுக்கும் பலம் எவ்வளவு? 60 கிலோ! சக்கரத்தின் எடையைப் போல இரு மடங்கு.

இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்து துள்ளும்போது எடை மூன்று மடங்காக அழுத்தினால், அதே கீலை 180 கிலோ பிடித்து இழுக்கும்.

மெல்லிய தகரத்தில் பூட்டிய கீல் எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் "கடகட" சத்தம் வரும். பிறகு பெயிண்ட்டில் மயிரிழை போல வெடிப்பு விழும். கடைசியில் ஒருநாள் தகரம் கிழியும்.

யார் சுமக்க வேண்டும்?

சக்கரத்தைக் கதவு சுமக்கக் கூடாது. சேஸிஸ் சுமக்க வேண்டும். தாங்கி செய்யும் வேலையில் முதல் பாடமும் இதுதான். முடிவான பாடமும் இதுதான்.

சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. அதன் இரண்டு பின் முனைகளிலும் கனமான இரும்பு பம்பரை போல்ட் போட்டுப் பூட்டுகிறார்கள். பம்பரின் ஓர் ஓரத்தில் நிமிர்ந்த தண்டு ஒன்று. அந்தத் தண்டைச் சுற்றித் திரும்பும் ஒரு கை. அந்தக் கையில் சக்கரம்.

கையைத் திருப்பினால் சக்கரம் விலகும். பிறகு கதவைத் திறக்கலாம். கதவுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை!

கைக்குச் சதுர இரும்புக் குழாய் ஏற்றது. குழாயின் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். ஜன்னல் கம்பிக்கு வாங்கும் மெல்லிய குழாய் உதவாது.

திரும்பும் இடத்துக்கு வீட்டுக் கதவுக் கீலைப் போடக் கூடாது. டிரெயிலர் சக்கரத்தின் ஹப்பும் பேரிங்கும் இதற்குப் பொருத்தம். ஓடும் வண்டியையே தாங்குகிற பேரிங், ஒரு சக்கரத்தைத் தாங்காதா? கிரீஸ் வைத்தால் பல வருஷம் உழைக்கும்.

கையின் மறு முனை அந்தரத்தில் தொங்கக் கூடாது. மூடும்போது அது பம்பரில் உள்ள ஒரு மேடையில் ஏறி உட்கார வேண்டும். மேடையில் ரப்பர் வைக்க வேண்டும். அப்போது பாரத்தில் ஒரு பங்கை அந்த முனை வாங்கிக்கொள்ளும். தண்டுக்கு வேலை குறையும். சத்தமும் வராது.

பூட்டு ஒன்று போதாது. இழுத்துப் பிடிக்கும் கொக்கி ஒன்று. அது நழுவினாலும் காப்பாற்றுவதற்கு ஒரு முளை. இரண்டும் வேண்டும்.

திறந்த கை தானாக மூடாமல் இருக்கவும் ஒரு முளை தேவை. மேட்டில் வண்டி நிற்கும்போது, கை வீசி வந்து குழந்தையின் மேல் மோதினால் என்ன ஆகும்?

பட்டறையில் கவனம்

வெல்டிங் செய்வதற்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால், புதிய வண்டிகளில் உள்ள மின்சாரக் கருவிகள் கெட்டுப்போகலாம்.

பல வண்டிகளில் பெட்ரோல் டாங்கு பின்பக்கத்தில் இருக்கிறது. டாங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பது நெருப்போடு விளையாடுவது. பம்பரைத் தனியாகக் கழற்றி, தரையில் வைத்து வெல்டிங் செய்து, பிறகு பூட்டுவதே புத்திசாலித்தனம்.

துத்தநாகம் பூசிய குழாயானால், வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

வேலை முடிந்ததும் பெயிண்ட் அடிக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தேங்காமல் வடிய, அடியில் ஒரு சிறு துளை வேண்டும். வெளியே தெரியாத துருதான் ஆளை விழுங்கும் துரு.

முதலில் 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு எல்லா நட்டுகளையும் ஸ்பானர் போட்டு மறுபடி இறுக்குங்கள். புது இரும்பு கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும். நட்டு தளரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரும்பு வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

ஆகவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

இன்னொன்று. சக்கரம் நம்பர் பலகையை மறைக்கக் கூடாது. சிவப்பு விளக்கை மறைக்கக் கூடாது. ஒரகடம் பக்கத்து ரோடுகளில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. பிரேக் விளக்கு தெரியாவிட்டால், பின்னால் வருகிற லாரிக்கு உங்கள் வண்டி நிற்பது எப்படித் தெரியும்?

ஸ்டெப்னி இனி வேண்டாமா?

பஞ்சர் ஒட்டும் சாதனமும், டயர் காற்றைக் கவனித்துச் சொல்லும் கருவியும் உள்ள சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது.

நகரத்து ரோட்டுக்கு அது போதும். கல் குத்தி டயரின் பக்கச் சுவர் கிழிந்தால்? எந்தப் பசையும் ஒட்டாது. வயல் பாதையில் போகிறவர்களுக்கு ஸ்டெப்னியே துணை.

அந்தத் துணையையும் கவனிக்க வேண்டும். வெயிலில் தொங்கும் ரப்பர் பயன்படுத்தாமலேயே கிழடாகும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். "2319" என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். உங்கள் ஸ்டெப்னியின் வயது என்ன? இன்றே பாருங்கள். மாதம் ஒரு முறை காற்றும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னச் சோதனை. வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஸ்டெப்னியை இரு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள்.

வண்டியே சேர்ந்து ஆடினால் நல்லது. சக்கரம் மட்டும் ஆடினால் பட்டறைக்குப் போங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்!