போர்ஷே 911 காரில் எண்ணெய்க் குழாய்களைப் பொருத்துதல்

போர்ஷே 911 என்பது ஜெர்மனியைச் சேர்ந்த போர்ஷே நிறுவனம் 1964 முதல் தயாரித்து வரும் கார் ஆகும். இதன் பழைய மாதிரிகளின் எஞ்சினுக்குத் தண்ணீரால் குளிர்விக்கும் ரேடியேட்டர் கிடையாது. காற்றும் எண்ணெயுமே வெப்பத்தைக் கடத்துகின்றன. காற்றால் குளிரும் இவ்வகை 911 கார்களின் தயாரிப்பு 1998இல் முடிந்தது. பழுதுபார்க்கக் கழற்றிய இந்த எஞ்சினை மீண்டும் ஏற்றும்போது, எண்ணெய்க் குழாய்களைச் சரியாகப் பொருத்துவது மிக முக்கியமான வேலையாகும்.

எண்ணெய் செல்லும் வழி

பெரும்பாலான கார்களில் எண்ணெய் எஞ்சினின் அடிப்பகுதியிலேயே தேங்கியிருக்கும். 911இல் அதற்குத் தனித்தொட்டி உண்டு. அது வலப்பக்கப் பின்சக்கரத்தின் அருகில் உள்ளது. எஞ்சினில் உள்ள ஒரு பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்துப் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் அனுப்பும். மற்றொரு பம்பு, அடியில் வடியும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பல மாதிரிகளில் காரின் முன்புறம் கூடுதலாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பான் இருக்கிறது. அதற்கான இரு குழாய்கள் காரின் வலப்பக்க அடிவிளிம்பை ஒட்டிச் செல்கின்றன.

ஏற்றுவதற்கு முன்

குழாய், தொட்டி, குளிர்விப்பான் ஆகியவற்றின் உட்புறம் தூய்மையாக இருக்க வேண்டும். பழைய எஞ்சினில் பேரிங் தேய்ந்திருந்தால், அதன் உலோகத் துகள்கள் குளிர்விப்பானில் தங்கியிருக்கலாம். அவை புதுப்பித்த எஞ்சினுக்குள் சென்றால் அதையும் கெடுத்துவிடும். வெடிப்பு விட்ட அல்லது விறைத்துப்போன ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டும். எஞ்சின் வெளியில் இருக்கும்போது இந்த வேலை எளிது. ஏற்றியபின் கை நுழையவே இடமிராது.

வழியமைத்தல்

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், ஓடும்போது ஆடும். தொட்டி காரின் உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆடாது. ஆகவே இரண்டையும் இணைக்கும் ஹோஸில் சிறிது தளர்வு வேண்டும். அது முறுக்கிக்கொள்ளவோ மடங்கவோ கூடாது. மடங்கினால் பம்புக்கு எண்ணெய் வரத்து குறையும். சூடான புகைக்குழாயையும் கூர்மையான தகட்டு விளிம்பையும் ஹோஸ் தொடாதிருக்க வேண்டும். நீண்ட உலோகக் குழாய்களை அவற்றுக்குரிய இடங்களில் ரப்பர் உறையுள்ள கிளாம்ப்களால் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் உரசி நாளடைவில் ஓட்டை விழும்.

இறுக்குதல்

நட்டை முதலில் கையால் திருகி, மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு ஸ்பானர்களைப் பயன்படுத்த வேண்டும். ஒன்று நட்டைத் திருகும்; மற்றொன்று எதிர்ப்பக்க இணைப்பைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஸ்பானரால் திருகினால் குழாய் முறுகலாம். அலுமினிய இணைப்பின் மரையும் அழியலாம்.

முதல் ஓட்டம்

தொட்டியில் எண்ணெய் நிரப்பியவுடன் எஞ்சினை ஓட்டக்கூடாது. தீப்பொறி அமைப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். அதன்பின் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில், எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெயின் ஒரு பகுதி அதனுள் வடிந்திருக்கும் என்பதால் தொட்டியின் அளவு தவறாகத் தெரியும்.

கசிவின் விளைவு

கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். பின்சக்கரத்தில் பட்டால் கார் சறுக்கும். தொட்டி வற்றினால் பேரிங்குகள் சிறிது நேரத்திலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். பல மாதங்கள் உழைத்துப் புதுப்பித்த எஞ்சினையும் சரியாக இறுக்காத ஒரே ஒரு கிளாம்ப் அழித்துவிடக்கூடும்.