கம்பியில்லா இல்லக் காவல் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

1853ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பார், கதவோ சன்னலோ திறக்கப்பட்ட மாத்திரத்தில் மணி ஒலிக்கும் மின்சாரச் சாதனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் தோன்றிய இல்லக் காவற் கருவிகள் நெடுங்காலம் கம்பிகளையே நம்பியிருந்தன. இன்று கம்பியின் இடத்தை வானொலி அலைகள் பெற்றுவிட்டமையால், திருப்புளி ஒன்றைக் கொண்டு இல்லத்தார் தாமே இத்தகைய அமைப்பைப் பொருத்திக்கொள்ள முடிகிறது. ஆயினும், வாங்குவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். உணர்கருவி அயலானைத் தவறாது கண்டுகொள்ளுமா? அது விடுக்கும் செய்தி தலைமைக் கருவியைச் சென்றடையுமா? மின்சாரம் தடைப்பட்டால் அமைப்பு இயங்குமா? விலையும் காமிராக்களின் எண்ணிக்கையும் இவற்றிற்குப் பிற்பட்டவையே.

உணர்கருவிகள்

கதவைக் காக்கும் கருவி மிக எளியது. சிறு கண்ணாடிக் குழலினுள் மெல்லிய இரு உலோகத் தகடுகள் உள்ளன. கதவில் பொருத்திய காந்தம் அருகில் இருக்கும்வரை அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரிந்துவிடும். இவ்வகை ஸ்விட்சை 1936இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எல்வுட் என்பவர் உருவாக்கினார். இது விலை குறைந்தது. கோடை வெப்பத்தாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே, வாயிற் கதவு, கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு ஆகியவற்றிற்கே முதற் செலவைச் செய்தல் தகும்.

அறையினுள் நடமாட்டத்தை அறிவது அகச்சிவப்புக் கருவி. இது தானாகக் கதிர் எதனையும் வீசுவதில்லை. மனித உடலினின்று சுமார் 10 மைக்ரான் அலைநீளத்தில் வெளிப்படும் வெப்பக் கதிர்களைப் பெற்று, அவற்றில் நேரும் மாறுதலை உணர்கிறது. இங்கு நம் நாட்டின் தட்பவெப்பத்தால் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் ஆகும். கோடையில் பூட்டிய அறையும் அந்த அளவை எட்டும்போது, உடலுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு மறைந்து, கருவியின் உணர்திறன் குன்றிவிடுகிறது. எனவே, வெப்பநிலைக்கு ஏற்பத் தன் உணர்திறனைத் திருத்திக்கொள்ளும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தன்னை நோக்கி வருபவரைக் காட்டிலும் குறுக்கே நடப்பவரையே இக்கருவி எளிதில் உணரும். வெயில் புகும் சன்னலுக்கு எதிரில் இதனை வைத்தலாகாது. லென்சின்மீது ஊரும் பல்லியும் பொய்யான எச்சரிக்கையை எழுப்பக்கூடும். பலமுறை வீணே ஒலித்த மணிக்கு அண்டை வீட்டார் பின்னர் செவிசாய்க்கமாட்டார் என்பதை மறத்தலாகாது.

செய்தி செல்லும் வழி

இந்தியாவில் 433, 865, 2400 மெகாஹெர்ட்ஸ் அளவுகளில் தொடங்கும் குறிப்பிட்ட பட்டைகளைக் குறைந்த ஆற்றலுடைய கருவிகள், வகுக்கப்பட்ட விதிகளுக்குட்பட்டு, தனி உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கப்படும் சில அமைப்புகள் 345 மெகாஹெர்ட்ஸில் இயங்குவன. உறவினர் வாயிலாக அவற்றை வரவழைப்பது முறையன்று. பொதுவாக, அதிர்வெண் குறைந்த அலைகள் சுவர்களை எளிதில் ஊடுருவும். ஆயினும், இரும்புக் கதவுகளும் கான்கிரீட்டில் பதிந்த கம்பிகளும் எவ்வலையையும் நலிவுறச் செய்யும். ஆதலால், ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய இடத்தில் வைத்து, கதவுகளை மூடிச் சோதித்த பின்னரே நிலையாகப் பொருத்துதல் வேண்டும்.

மலிவான சில கருவிகள் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்புகின்றன. அதனைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்பி, அமைப்பையே செயலிழக்கச் செய்தல் இயலும். ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் அமைப்பே நம்பத்தக்கது. மேலும், உணர்கருவிகள் குறித்த இடைவெளிகளில் தாம் இயங்குவதைத் தெரிவிக்க வேண்டும். அச்செய்தி நின்றால் தலைமைக் கருவி எச்சரிக்க வேண்டும்.

மின்சாரமும் காமிராவும்

மின்தடை நேரத்திலும் தலைமைக் கருவியும் சைரனும் தம் பாட்டரியால் இயங்க வேண்டும். இணையத்தை மட்டும் நம்பிய அமைப்பு, ரவுட்டர் அணைந்ததும் வெளியூரிலுள்ள உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப இயலாது. ஆகவே, கைபேசிச் சிம் அட்டை வழியாகவும் செய்தி அனுப்பும் வசதி இருத்தல் நன்று.

காமிராக்களை வாங்குவோர், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், அவ்வாறு மாற்றப்படாத எண்ணற்ற காமிராக்களைக் கைப்பற்றி, இணையச் சேவைகளை முடக்கியது. வீட்டைக் காக்க வைத்த கண்ணே அயலாரின் வசமாகும் அபாயத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பொருத்திய பின், மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து அமைப்பைச் சோதித்தல் அவசியம். கள்வனைத் தடுப்பவை உறுதியான கதவும் பூட்டுமே. இவ்வமைப்பு அவன் வரவை அறிவிக்கும் அளவே செய்யும். எனவே, ஓசை கேட்டதும் வந்து பார்க்கவும், 112 என்ற எண்ணில் காவல் துறையினரை அழைக்கவும் இசைந்த அண்டை வீட்டார் ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது இன்றியமையாததாகும்.