இசையில் மேற்படிப்பு: வகுப்பறைக்கு எது உதவும்?

பணியில் இருந்தபடி இசையில் மேற்படிப்பு படிக்க விரும்பும் பட்டுக்கோட்டைப் பகுதி ஆசிரியர்களுக்கு வாய்ப்புகள் தொலைவில் இல்லை. அடிப்படை போதாதவர்களுக்குத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. முதுகலைக்கும் ஆய்வுக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இசைத்துறைகளை அணுகலாம். சேருமுன் துறையின் முன் அனுமதி பெறுவது கட்டாயம்.

ஆனால் இப்படிப்புகள் பெரும்பாலும் பாடகரையும் ஆய்வாளரையும் மனத்தில் வைத்து அமைந்தவை. நாற்பது குழந்தைகளைச் சேர்ந்து பாட வைப்பது வேறு திறன். ஆசிரியர் தமக்கு வசதியான ஒரு கட்டைச் சுருதியில் பாடினால், குழந்தைகளின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. சிலர் மேல் ஸ்தாயிக்குத் தாவுவர்; சிலர் அடிக்குரலில் முனகுவர். இவர்களுக்குப் பாட வராது என்று ஒதுக்குவது நியாயமில்லை. சுருதியை நான்கு, ஐந்து கட்டைக்கு மாற்றிப் பார்த்தாலே பலர் சேர்ந்துவிடுவர்.

ஹங்கேரியின் சோல்தான் கொடாய் (1882–1967) குழந்தையின் தாய்மொழி நாட்டுப்பாடல்களிலிருந்தே இசைக்கல்வியைத் தொடங்கச் சொன்னார். அவர் வழிவந்த வகுப்புகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை உண்டு. நம்மிடம் தாலாட்டும் நடவுப்பாட்டும் இருக்கின்றன. சரளி வரிசையைக் குறை சொல்லவில்லை. மாயாமாளவகௌளையின் நெருக்கமான சுரங்கள் ஒன்றாம் வகுப்புக்குக் கடினம் என்பது என் கருத்து.

ஆய்வுத் தலைப்பு தேடுவோர் தம் பள்ளிப் பிள்ளைகளின் குரல் எதுவரை இறங்குகிறது, எதுவரை ஏறுகிறது என்று பதிவு செய்யலாம். ஒரு பருவம் நடவுப்பாட்டு கற்பித்தபின் மீண்டும் அளந்து பார்க்கலாம்.