கைத்தொலைபேசி பேட்டரிக்கு வெயிலும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது

டார்ச் லைட்டின் வெளிச்சம் மங்கினால் அதன் பேட்டரிகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து, இன்னும் ஓரிரு இரவுகளை ஓட்டிய தலைமுறை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அது மூடநம்பிக்கை அன்று. பழைய துத்தநாக பேட்டரிக்குள் மந்தமாகிப்போன வேதிவினை, சூடு பட்டதும் சற்று வேகமெடுக்கும். கடைசிச் சொட்டு மின்சாரமும் வெளியே வந்துவிடும்.

பிறகு கைத்தொலைபேசிகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து வீடுதோறும் புகுந்த நோக்கியா 3310இல் இருந்தது நிக்கல் வகை பேட்டரி. அதை வாங்கியவர்களுக்குக் கடைக்காரர்கள் இரண்டு பாடங்களைச் சொல்லி அனுப்பினார்கள். முதல் முறை இரவு முழுவதும் சார்ஜ் செய்ய வேண்டும். அதன்பின் பேட்டரி முற்றிலும் தீர்ந்தால்தான் மறுபடியும் சார்ஜரில் மாட்ட வேண்டும். அந்தக் காலத்துப் பேட்டரிக்கு அதுவும் பொருத்தமான அறிவுரைதான்.

இன்று சட்டைப்பையில் இருப்பதோ வேறு சரக்கு. சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் அது. அதற்கு அடித்தளம் அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பேட்டரி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. வெயிலில் வைப்பது, இரவெல்லாம் சார்ஜரில் போட்டு வைப்பது, அடியோடு தீரும்வரை காத்திருப்பது என்று பழைய பேட்டரிகளுக்கு ஒத்துப்போன பழக்கங்களே புதிய பேட்டரியின் ஆயுளைக் குடிக்கின்றன.

முன்பெல்லாம் பேட்டரி தீர்ந்தால் ஓர் அழைப்பு தவறிப்போகும். அதோடு சரி. இன்று பணப்பை அதற்குள் இருக்கிறது. வங்கியின் பாதுகாப்பு எண் அதற்குத்தான் வருகிறது. வாகனமோட்டும் உரிமத்தையும் சாலை வரியையும் மைஜேபிஜே செயலியிலேயே காட்டலாம் என்ற ஏற்பாடு 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. ஆண்டிறுதிப் பருவமழையில் கிழக்குக் கரை மாநிலங்களில் வெள்ளம் ஏறி மின்சாரம் நின்றுபோனால், உதவி கேட்க மிஞ்சுவதும் அந்தக் கருவிதான். மதியம் மூன்று மணிக்கே உயிரை விடும் கைத்தொலைபேசி, தனியாக இருக்கும் ஒரு மூதாட்டிக்குச் சிறிய தொல்லை அன்று.

பேட்டரி ஏன் கிழடாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜொகூர் கடற்பாலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். காலையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் அக்கரைக்குப் போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். லித்தியம் அயனிகளும் அப்படித்தான். சார்ஜ் செய்யும்போது ஒரு தகட்டிலிருந்து புறப்பட்டு எதிர்ப்பக்கத்தில் உள்ள கரித் தகட்டுக்குள் போய் அமர்கின்றன. தொலைபேசியைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சில அயனிகள் வழியில் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொண்டு திரும்புவதே இல்லை. நாளடைவில் அந்தப் படலம் தடிக்கிறது, போய்வரும் கூட்டம் குறைகிறது. இதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். அதை வேகப்படுத்துபவை இரண்டு: ஒன்று சூடு, மற்றொன்று நூறு விழுக்காட்டு நிறைவு.

நிறைவு எப்படிக் கெடுதலாகும் என்று கேட்கத் தோன்றும். ஒரு லித்தியம் மின்கலம் தீரும் தறுவாயில் ஏறக்குறைய 3 வோல்ட்டிலும், பொதுவாக 3.7 வோல்ட்டிலும் இருக்கும். நூறு விழுக்காட்டில் அது பெரும்பாலும் 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அந்த உச்சத்தில் உள்ளிருக்கும் பொருள்கள் நிலைகொள்ளாமல் தவிக்கின்றன. வேண்டாத வினைகள் பெருகுகின்றன. பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 பாகை செல்சியஸில், 40 விழுக்காடு மட்டும் நிரப்பி ஓராண்டு சும்மா வைத்த லித்தியம் பேட்டரியில் கொள்ளளவு ஏறத்தாழ 96 விழுக்காடு மிஞ்சும். முழுக்க நிரப்பி வைத்தால் மிஞ்சுவது சுமார் 80. அதே பேட்டரியை 40 பாகைச் சூட்டில் முழுமையாக நிரப்பி வைத்தால் 65 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். யாரும் தொடாமல், ஒரு முறைகூட பயன்படுத்தாமல் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அந்த 40 பாகை என்பது மலேசியாவில் அரிதான சூடும் அன்று. நண்பகலில் நிழலிலேயே 32, 33 பாகை. வெயிலில் நிறுத்திப் பூட்டிய காரின் முன்பலகை 50 பாகையைச் சுலபமாகத் தாண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு மிக உகந்த வெப்பநிலை 16 முதல் 22 பாகை என்கிறது. 35 பாகைக்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. குளிர்நாட்டில் வாழ்பவரின் கைத்தொலைபேசி நான்காண்டு உழைக்க, அதே கருவி கிள்ளானில் இரண்டாண்டில் தள்ளாடினால் கருவியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

இதில் மிகவும் அடிபடுவது மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களின் பிழைப்புக் கருவி. கைப்பிடியில் மாட்டிய தொலைபேசியின்மேல் உச்சி வெயில் அடிக்கிறது. திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது, வழிகாட்டிச் செயலி ஓய்வின்றி ஓடுகிறது. போதாததற்கு பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. நான்கு சூடும் ஒன்றாகச் சேர்கின்றன. அதற்கென விற்கும் சிறு நிழற்கூரையை மாட்டுவதும், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றாமல், நிழலில் அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஏற்றுவதும் நல்ல பலன் தரும். சூடேறிய தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர்களும் உண்டு. அதைமட்டும் செய்யவே கூடாது. உள்ளே நீர்த்துளி கோத்துக்கொண்டால் பேட்டரியோடு தொலைபேசியும் போய்விடும்.

இரவெல்லாம் சார்ஜரில் விட்டால் வெடித்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முறையான சார்ஜரும் பழுதில்லாத கருவியும் நிறைந்தவுடன் தாமாகவே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளும். சிக்கல் வேறு. அதிகாலை ஒரு மணிக்கே நூறை எட்டிய பேட்டரி விடியும்வரை அந்த உச்சத்திலேயே, அதுவும் மெத்தைமேல் தலையணை ஓரத்தில் புழுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஐபோன்களில் 2019 முதல், எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு எண்பதோடு நிறுத்தி, விடியற்காலையில் மிச்சத்தை நிரப்பும் வசதி இருக்கிறது. 2023இல் வந்த ஐபோன் 15 முதல் எண்பதிலேயே நிறுத்திவிடவும் முடியும். சாம்சுங் போன்ற மற்ற நிறுவனங்களின் பல தொலைபேசிகளிலும் பேட்டரிப் பாதுகாப்பு என்ற பெயரில் இத்தகைய அமைப்பு உண்டு. அமைப்புகள் பகுதியில் பேட்டரி என்ற தலைப்பின்கீழ் தேடினால் அகப்படும். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார்கள்.

இத்தகைய வசதி இல்லாத பழைய தொலைபேசி என்றால், குளிக்கும்போது கொஞ்சம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று ஏற்றிக்கொள்ளலாம். அடிக்கடி சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும் என்பது நிக்கல் காலத்துப் பேச்சு. லித்தியத்தில் ஒரு சுற்று என்பது ஒரு முறை சார்ஜரில் மாட்டுவது அன்று. நூறு விழுக்காட்டுக்குச் சமமான மின்சாரத்தைச் செலவழிப்பது. இன்று ஐம்பது, நாளை ஐம்பது என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே சுற்று. ஐபோன் 14 வரையிலான தொலைபேசிகள் 500 சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலானவை 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்பது ஆப்பிளின் கணக்கு. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஓட்டுபவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். நீண்ட பயணத்துக்கு முன்னால் நூறு வரை நிரப்புவதில் தவறே இல்லை. நிரப்பியதும் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய தொலைபேசி இருபது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே, படம் எடுக்கப் போனால் படக்கென்று அணைந்துவிடுகிறதே, ஏன்? வயதான பேட்டரியின் உள்தடை கூடிவிடுகிறது. கேமரா திடீரென்று அதிக மின்சாரம் கேட்டதும் வோல்ட் சரிந்துவிடுகிறது. முதியவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைப் போல. இப்படி அணைவதைத் தவிர்க்க, பேட்டரி தளர்ந்த சில ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 அமெரிக்க டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018ஆம் ஆண்டு இறுதிவரை 29 டாலராகக் குறைத்தது. தொலைபேசியே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கக் கிளம்பிய பலருக்குத் தேவைப்பட்டது ஒரு புதிய பேட்டரிதான் என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. கருவி மெதுவாகிவிட்டது என்று ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை எடுத்து வைக்கும் முன்னர், பேட்டரியின் நலம் எத்தனை விழுக்காடு என்று பார்த்துக்கொள்வது இன்றைக்கும் லாபம்.

ஒரே நாளில் பேட்டரி சீக்கிரம் தீர்வது தனிப் பிரச்சினை. அதில் பெரும் பங்கு திரைக்கே. வெளிச்சத்தைக் குறைத்து, முப்பது விநாடியில் அணையும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது. அலைவரிசை எட்டாத உட்புறத் தோட்டங்களுக்கும் மலைப்பாதைகளுக்கும் போகும்போது தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துவிடும். அங்கே விமானப் பயண நிலையில் வைக்கலாம். ஓடும் செயலிகளை நிமிடத்துக்கொரு முறை விரலால் தள்ளி மூடுவது வீண் வேலை. அவற்றை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் மின்சாரம் செலவாகும்.

மேசையிலேயே எப்போதும் மின்சாரத்தோடு இணைந்து கிடக்கும் மடிக்கணினிக்கும் எண்பது விழுக்காட்டு வரம்பு பொருந்தும்; பல மடிக்கணினிகளில் அதற்கான அமைப்பு இருக்கிறது. அலமாரியில் வைக்கும் பழைய தொலைபேசியைப் பாதி நிரப்பி அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசியின் பின்புறம் உப்பினாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ மேலே சொன்ன எதுவும் உதவாது. பேட்டரிக்குள் வாயு சேர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதை அழுத்தவோ, ஊசியால் குத்தவோ, இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று சார்ஜரில் மாட்டவோ கூடாது. உடனே அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பேட்டரி வீட்டுக் குப்பைக்குப் போகக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் பட்டியலில் லித்தியம் பேட்டரிக் கழிவும் இடம்பெற்றுள்ளது. அதை வாங்கிக்கொள்ளும் மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கும்வரை, அதன் இரு முனைகளிலும் ஒட்டுநாடாவை ஒட்டி, உலர்ந்த இடத்தில் தனியே வைத்திருப்பது பாதுகாப்பானது.